வலிக்குதா என்று கேட்காதீர்கள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதலில் அந்த ஐஸ் பெட்டியைக் கீழே வையுங்கள். சேர்ந்த அன்று எல்லோரும் அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள். இப்போது உள்ளே இருப்பது வெறும் ஐஸ். அதில் ரத்தக் குப்பி ஏறிய பிறகு பயந்தால் போதும்.

ரிட்டயர் ஆனவர் ஒருவர் வந்து அனுபவம் பேசுவார் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்களாம். நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒருவரை எதிர்பார்த்து, என்னைப் பார்த்ததும் உங்கள் முகம் போன போக்கைக் கவனித்தேன். எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. இந்த வேலையிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்டேன், அவ்வளவுதான். இப்போது சொந்த ஜீப்பில் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு, ஏரியைக் காட்டி இதுதான் ஏரி என்று சொல்லிப் பிழைக்கிறேன். பத்தாம் வகுப்பில் என்னைக் கவிழ்த்தது அறிவியல் பாடம். அந்தப் பாடமே பிறகு சில வருடம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. பழிவாங்கியது நானா அதுவா என்று இன்னும் புரியவில்லை.

அப்போது என் வேலை, சேர்வராயன் மலையில் வலியைப் பற்றி ஆராய வந்தவர்களுக்கு ஜீப் ஓட்டுவது, ஊருக்குள் போய் ஆட்களைப் பேசிக் கூட்டி வருவது, பெட்டியைச் சுமப்பது. ஆராய வந்தவர் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண். என்னைவிடச் சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். இந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்குமே மனக்குறை உண்டு.

ஒரே மாதிரி அடிபட்டால் ஒருவருக்கு ஏன் உயிர் போகிறது, இன்னொருவர் ஏன் துடைத்துக்கொண்டு போகிறார் என்பதுதான் மேடத்தின் கேள்வி. முதல் நாளே மலைப்பாதையில் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினார்.

"நம்ம உடம்பே ஒரு கொழுப்பத் தயார் பண்ணும் அண்ணா. அடிபட்டா அது நரம்புகிட்டப் போய், போதும், அடங்குன்னு சொல்லும். அதுக்குப் பேரு ஆனந்தமைடு."

"ஆனந்தமா?"

"நம்ம ஆனந்தமேதான். கண்டுபிடிச்சவங்க அந்தப் பேரையே வெச்சுட்டாங்க."

"பள்ளிக்கூடத்துல வாத்தியார் தெனமும் எனக்குக் கொழுப்புன்னு சொல்லுவாருங்க. பாராட்டியிருக்காருன்னு இப்பத்தான் தெரியுது."

மேடம் சிரிக்கவில்லை. அடுத்த வளைவு வந்ததால் கம்பியை இறுக்கிப் பிடித்தார். வளைவு முடிந்ததும் தொடர்ந்தார். அந்தக் கொழுப்பை அப்படியே விட்டுவைக்காமல் உடனே உடைத்துத் தள்ள ஒரு என்சைம் இருக்கிறது. கோடை விழா முடிந்த மறுநாள் காலை ஏரிக்கரையைக் கூட்டுகிற ஆளைப் போல அது ஆனந்தத்தைக் கூட்டித் தள்ளிவிடும். அந்த ஆளை உடம்புக்குள் வேலைக்கு வைப்பது ஒரு ஜீன். எஃப்.ஏ.ஏ.ஹெச். என்று பெயர். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், கொட்டாவி விடுகிற மாதிரி இருக்கும். யாரோ சிலருக்கு அந்த ஜீன் பலவீனமாக இருக்கும். கூட்டுகிற ஆள் பாதி நாள் லீவு. ஆனந்தம் உள்ளேயே தேங்கி நிற்கும். அவர்களுக்கு வலி குறைவு, பயமும் குறைவு, காயம் சீக்கிரம் ஆறிவிடும் என்றார். அப்படி ஒருவரையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

முதலில் போன ஊர் வாழவந்தி. அங்கேதான் நாங்கள் வசமாக மாட்டினோம்.

சோதனை எளிது. ஐஸ் தண்ணீர் நிறைந்த வாளியில் கையை விட வேண்டும். தாங்க முடியாதபோது எடுத்துவிட வேண்டும். பஸ் நிற்கிற இடத்தில், நாலு பேர் பார்க்கட்டும் என்று நான்தான் வாளியை வைத்தேன். முதல் ஆள் கையை விட்டார். எதிரில் அவருடைய மச்சான் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவுதான், கை வெளியே வரவே இல்லை. மேடம் குறித்து வைத்திருந்த நேரம் முடிந்து, போதும் எடுங்கள் என்று கெஞ்சினார். விரல் நீலமாகியிருந்தது.

"வலிக்குதாங்களா?" என்று கேட்டார் மேடம்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நீங்க டீ குடிச்சீங்களா?"

அடுத்தவர் அந்த மச்சான். அவர் கையை விட்டுக்கொண்டு பீடி கேட்டார். மத்தியானத்துக்குள் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வாளியை வென்றுவிட்டார்கள். மேடத்துக்கு மூச்சே நின்றுவிட்டது.

"அண்ணா, இந்த ஊர் முழுக்க அந்த ஜீன் இருக்கும் போல."

"ஊர் முழுக்க மச்சானுங்க இருக்காங்க மேடம்."

மறுநாள் அதே வாளியைப் பள்ளிக்கூட அறைக்குள் வைத்து, கதவைச் சாத்தி, ஒவ்வொருவராக விட்டோம். நேற்று பீடி கேட்டவர் இன்று கையை விட்ட வேகத்தில் எடுத்து அக்குளில் செருகிக்கொண்டார். "இன்னைக்குத் தண்ணி வேற மாதிரிங்க" என்றார்.

இதை மனதில் வையுங்கள். இந்தப் பக்கத்து ஆட்களிடம் வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். கால் ஒடிந்து கட்டிலில் கிடக்கிறவர்கூட முதலில் உங்கள் சவுகரியத்தை விசாரிப்பார். வீட்டுக்கு வந்தவரிடம் தன் வலியைச் சொல்வது இங்கே மரியாதை இல்லை. எல்லோரும் வலிக்கவில்லை என்று சொல்லும் ஊரில், உண்மையிலேயே வலிக்காத ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? மேடம் இதை நினைத்து நினைத்து டீயை ஆற விட்டார்.

பதில் செம்மநத்தத்தில் கிடைத்தது. நாங்கள் தேடிய பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில்.

ஆடி மாத மழை. குறுகலான பாதையில் ஜீப்பை ஏற்றி, ஒரு வீட்டில் ரத்தம் எடுக்க உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டு மருமகள் பூங்கொடி. கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவள். கணவன் முருகேசன் அதே தோட்டத்தில் ஏணி ஏறி மிளகு பறிப்பவன். மாமியார் ராசம்மா வாசலில் நின்று ஊர்க்காரர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

பூங்கொடி கையை நீட்டினாள். நான் பட்டையைக் கட்டினேன். மேடம் ஊசியை எடுத்தார். தோலில் படுவதற்கு முன்பே அவள் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த கோழி இறங்கி ஓடியது.

"அய்யோ பாவம், நொம்ப வலிக்குதாட்ட இருக்குது" என்றார் வாசலிலிருந்து ராசம்மா.

எனக்கு ஒன்று உறுத்தியது. ஊசிக்குப் பயந்தவர்கள் ஊசியைப் பார்ப்பார்கள், அல்லது கண்ணை மூடிக்கொள்வார்கள். இவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கு ஊசி போட்டாலும் என் முகம் தானாகச் சுளித்துக்கொள்ளும், அது என் ராசி. மேடம் குப்பியில் பெயர் எழுதத் திரும்பியபோது நான் சும்மா பல்லைக் கடித்து முகத்தைக் கோணலாக்கினேன்.

"ஆ" என்றாள் பூங்கொடி.

ஊசி தட்டில் கிடந்தது. அவள் கையைத் தொட யாருமில்லை. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லிப்போடாதீங்கண்ணா. அத்தைக்குத் தெரியாது."

மேடம் பேனாவை மூடிவிட்டுப் போய்க் கதவைச் சாத்தினார். ஒரு மாதம் தேடிய ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவசரப்படவில்லை. எப்போது தெரிந்தது என்று மட்டும் கேட்டார்.

சின்ன வயதில் அடுப்புத் தணலை மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வாசனை வந்த பிறகுதான் காலைப் பார்த்திருக்கிறாள். பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் முள்ளால் குத்தி விளையாடினார்கள், அவள் சும்மா நிற்கிறாளா என்று பார்ப்பதற்காக. அதன் பிறகு அவள் மற்றவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள்.

"தலவலின்னா நெத்தியப் புடிக்கோணும். பல்லு வலின்னா கன்னத்தப் புடிக்கோணும். கால் சுளுக்குனா உக்காந்துட்டு அப்பறம் கத்தோணும், கத்திட்டு உக்காரக் கூடாது. வயித்து வலிதாங்க இன்னும் செரியா வரல."

"எறும்பு கடிச்சா?" என்றார் மேடம்.

"ஊறுற மாதிரி இருக்கும்."

"மிளகா?"

"இதமா இருக்குங்க."

"பயம்?"

"பயம்னா எப்படீங்க இருக்கும்?"

மேடம் என் பக்கம் திரும்பினார். நான்தான் உதவிக்குப் போனேன். "நான் வளைவு திரும்பறப்ப மேடம் கம்பியப் புடிக்கறாங்கல்ல, அதுதான் அம்மிணி."

ஊரிலேயே அதிகமாகக் கத்துகிறவளுக்குத்தான் வலி தெரியாது. கத்தாத ஆண்களுக்கெல்லாம் நன்றாகவே வலித்தது. அன்று இறங்கி வரும்போது மேடம் கம்பியைப் பிடிக்க மறந்துவிட்டார்.

ரத்தம் சென்னைக்குப் போனது. முதல் முடிவு வந்தாலும் இன்னொரு லேபில் சரிபார்க்காமல் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பது விதி. உங்களுக்கும் அதே விதிதான். மாதங்கள் ஓடின. மிளகு பறிக்கிற பருவத்தில் மறுபடி செம்மநத்தம் போனபோது பூங்கொடி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். ராசம்மா காப்பி கொடுத்து நல்ல சேதி சொன்னார்.

"பிரசவத்துக்கு எங்க போறீங்க?" என்று விசாரித்தார் மேடம்.

"டவுன்ல ஆஸ்பத்திரி இருக்குதுல்ல கண்ணு. வலி வந்தா வண்டிக்குச் சொல்லி உடுவோம். இந்த ஊருல எல்லாருக்கும் அப்பிடித்தான்."

காப்பி டம்ளரைக் கழுவுகிற சாக்கில் பூங்கொடி எங்களோடு குழாயடிக்கு வந்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கேட்டாள்.

"வலி வராட்டி எப்படீங்க தெரியும்?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற நான் ஜீப் டயரைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார். இத்தனை நாள் அவள் பிழைத்தது பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து. பிரசவத்தில் யார் முகத்தைப் பார்ப்பாள்? பாதை மோசம், பஸ் எப்போதாவதுதான். வலிதான் ஊருக்கே மணி. அவளுக்கு அந்த மணி அடிக்காது.

"மாமியாருகிட்டச் சொல்லிருங்க மேடம்" என்றேன் வண்டியில்.

"அது அவங்க சொல்ல வேண்டியது அண்ணா. ரிப்போர்ட்டும் இன்னும் முடியல."

"ரிப்போர்ட் வரதுக்குள்ள கொழந்த வந்துரும்."

"தெரியும்." என்றார் அவர். "நாளைக்குத் திரும்பப் போவோம். அவங்ககிட்டயே கேப்போம்."

கேட்டோம். பூங்கொடி முடியவே முடியாது என்றாள். "தெரிஞ்சா ஊட்டுல என்னய மனுசியாவே பாக்க மாட்டாங்க. எங்கப்பன் ஊட்டுல பாத்த மாதிரிதான் பாப்பாங்க." வற்புறுத்தினால் இனி எங்களிடமே பேச மாட்டாள் என்று தெரிந்தது. மேடம் தன் போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய், யாருக்கு என்று சொல்லாமல், வலியே தெரியாத பெண்ணுக்குப் பிரசவம் நெருங்குவதை எப்படி அறிவது என்று ஒரு நர்ஸிடம் கேட்டுக்கொண்டார்.

அதற்குள் பூங்கொடி தன் வழியில் ஒரு ஏற்பாடு செய்துவிட்டாள். மாதப் பரிசோதனைக்குப் போனபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு அக்கா பிரசவ வலியில் கத்தியதை உட்கார்ந்து கவனித்திருக்கிறாள். எங்கே மூச்சைப் பிடிக்கிறார், எங்கே அம்மா என்கிறார், கட்டில் கம்பியை எந்தக் கையால் பிடிக்கிறார், எல்லாம். நாள் நெருங்கியதாகத் தோன்றிய ஒரு காலையில் வீட்டில் அதை அப்படியே அவிழ்த்துவிட்டாள். முருகேசன் பதறி என் ஜீப்புக்குப் போன் செய்தான். மேடமும் வந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இன்னும் ஒன்றுமே ஆரம்பிக்கவில்லை, பொய் வலி, கூட்டிப் போங்கள் என்றார்கள். அவர்கள் பார்த்ததை வைத்து அவர்கள் சொன்னது சரிதான்.

திரும்பி வந்துகொண்டிருந்தோம். ராசம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அப்போது முன் சீட்டிலிருந்து மேடம், தலையைத் திருப்பாமல், மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பூங்கொடி, அடுத்த தடவ யாரைப் பாத்துக் கத்துவீங்க?"

ஒரு வளைவு போனது. இன்னொன்றும் போனது.

"அத்தை" என்றாள் பூங்கொடி. "எனக்கு வலியே தெரியாதுங்க."

"பொறுத்துக்கறவதான் நீயி. தெரியும்."

"பொறுத்துக்கலைங்க. தெரியாதுங்க. பொறந்ததுலேருந்தே."

ராசம்மா யோசித்தார். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். முருகேசன் வாயைத் திறந்தபடி இருந்தான்.

"அப்ப தீவாளிக்குக் கதவுல வெரல நசுக்கிக்கிட்டு ஊரக் கூட்டுனியே?"

"சும்மாங்க அத்தை."

"நானு ஒரு வாரம் சோறு ஊட்டியுட்டனே."

"அது நல்லா இருந்துச்சுங்க அத்தை."

நான் வண்டியை ஓரம்கட்ட வேண்டியதாயிற்று. சிரிப்பில் ஸ்டியரிங் நிற்கவில்லை. முதலில் ராசம்மா என்னை முறைத்தார், பிறகு மருமகளை. "சோத்துக்காவ நடிச்சியாடி" என்றார். ஆனால் அவர் கை பூங்கொடியின் விரலைத் தேடிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அந்த விரலில் தழும்புகூட இல்லை.

அன்றே வீட்டு வாசலில் மேடம் நர்ஸ் சொன்னதைச் சொல்லிக் கொடுத்தார். வலி அதைப் படுகிறவருக்குத்தான் உள்ளே தெரியும். ஆனால் வயிறு கல்லாவதும் இளகுவதும் வெளியே வைத்த உள்ளங்கைக்குத் தெரியும். கல்லாகும், இளகும். அப்படி மாறி மாறி வர ஆரம்பித்தால் கிளம்ப வேண்டும். கல்லானது இளகாமல் நின்றால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியிலும் விவரம் சொல்லிவைக்கப் பூங்கொடி சம்மதித்தாள். அன்றிலிருந்து ராசம்மா எந்த வேலையாக இருந்தாலும் வந்து வந்து மருமகள் வயிற்றில் கை வைத்துவிட்டுப் போனார். மாவு பிசைந்த கையோடும் வைத்தாராம்.

சரி, இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நடந்தது கோடை விழா சமயத்தில். கீழேயிருந்து வந்த கார்கள் எல்லாம் மலையில் இருக்கும்போதா பிள்ளை பிறக்க வேண்டும்? நாங்கள் பக்கத்து ஊரில் வேலையாக இருந்தோம். முற்பகலில் ராசம்மா போன்.

"டிரைவரு தம்பி, கல்லாவுது, எளகுது, கல்லாவுது. வண்டியக் கொண்டா சாமி."

போனபோது பூங்கொடி தின்பண்டம் கட்டிக்கொண்டு கிளம்பி நின்றாள், மாமன் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவள் மாதிரி. டப்பாவில் பலாச்சுளை. இப்போது எதுவும் சாப்பிடக் கூடாது என்று மேடம் வாங்கி வைத்துக்கொண்டார். முருகேசன் தோட்டத்தில் கிளை வெட்டி மரம் கவாத்து செய்துகொண்டிருந்தான், ஆஸ்பத்திரிக்கு நேராக வரச் சொல்லிவிட்டோம். பின் சீட்டில் ராசம்மாவின் உள்ளங்கை மருமகள் வயிற்றை விட்டு எடுக்கவே இல்லை. "கல்லு", "எளகிருச்சு" என்று ரேடியோ மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார்.

டவுனில் ஒண்டிக்கடை சந்திப்புக்கு வந்ததும் வண்டி நின்றது. முன்னால் கார், பின்னால் கார், நடுவில் ஒரு டூரிஸ்ட் வேன் குறுக்கே. எல்லோரும் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரமாக ராசம்மாவின் ரேடியோ நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"ஏனுங்கம்மா, எளகிருச்சா?"

"எளகலை சாமி. அந்தப் பெரிய வளைவுலேருந்தே எளகலை. பலகையாட்ட இருக்குது."

பூங்கொடி வெளியே கடையில் தொங்கிய தொப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தச் செவப்புத் தொப்பி நல்லாருக்குதுல்லங்கண்ணா?" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ஆனால் உதடு வெளுத்திருந்தது.

மேடம் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். அன்று டூட்டியில் விவரம் தெரியாத வேறு ஆள். ஸ்பீக்கரில் கேட்டது.

"கத்தறாங்களா?"

"இல்லைங்க."

"பேசறாங்களா?"

"பேசறாங்க. ஆனா வயிறு..."

"பேசறாங்கன்னா நேரம் இருக்கு. பதட்டப்படாம வாங்க."

போன் கட்டானது. நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பூங்கொடியைப் பார்த்தோம். அவள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஒன்றுமில்லை, மெதுவாகப் போகலாம் என்றுதான் தோன்றியது. எல்லாம் தெரிந்த எனக்கே அப்படி. மேடம் சீட்டைத் தாண்டிக் கையை நீட்டி அவள் வயிற்றில் வைத்தார். வைத்த கையை எடுக்காமலேயே சொன்னார்.

"அண்ணா, முகத்தப் பாக்காதீங்க. இங்க வேற ஏதோ நடக்குது. இப்பவே போகணும்."

நான் இறங்கி ஓடினேன். பிரசவ கேஸ், வழி விடுங்கள் என்று ஒவ்வொரு கார் கண்ணாடியையும் தட்டினேன். வேன்காரர் எட்டி என் ஜீப்பைப் பார்த்தார். "அந்தப் பொண்ணா? சிரிச்சுட்டுத்தானே இருக்கு" என்றார். இன்னொருவர், வரிசையில் வராமல் முந்துவதற்கு இதெல்லாம் உள்ளூர்க்காரன் தந்திரம் என்று தன் மனைவியிடம் சொன்னார். குற்றம் சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

திரும்பி ஜீப்புக்கு ஓடி வந்தேன்.

"அம்மிணி, கத்து."

"யாரைப் பாத்துங்கண்ணா?"

"பக்கத்துக் கட்டில் அக்காவ நெனச்சுக்க. அன்னைக்குக் கத்துனயே, அதே மாதிரி. அதுக்கும் மேல."

பூங்கொடி ஜீப் கம்பியைச் சரியான கையால் பிடித்தாள். சரியான இடத்தில் மூச்சை நிறுத்தினாள். பிறகு "அம்மா" என்று ஒன்று விட்டாள். தொப்பிக் கடைக்காரர் தொப்பியைக் கீழே போட்டார். ஹாரன் எல்லாம் அடங்கிப்போனது. வேன் எப்படித்தான் திரும்பியதோ, அது அந்த இடத்தில் திரும்பவே முடியாத வண்டி. ஒரு கார் நடைபாதை மேலேயே ஏறிவிட்டது. போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே முன்னால் ஓடினார். ஒவ்வொரு முறை வழி அடைபட்டபோதும் நான் கண்ணாடியில் தலையாட்டுவேன், அவள் அடுத்ததை விடுவாள். நடிப்பென்று தெரிந்தும் ராசம்மா தேம்பித் தேம்பி அழுதுகொண்டு வந்தார். எனக்கும் கண் மறைத்தது. புகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சத்தத்துக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. டாக்டரும் வந்துவிட்டார். மேடம் அவர் காதருகே போய்ச் சொன்னார்.

"டாக்டர், கத்தச் சொன்னது நாங்கதான். நெஜத்துல இவங்களுக்கு வலி தெரியாது. முகத்தப் பாக்காதீங்க, வயித்தத் தொடுங்க."

டாக்டர் விசித்திரமாகத்தான் பார்த்தார். ஆனால் தொட்டார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சர் நேராக ஆபரேஷன் அறைக்குப் போனது. கதவு மூடும்போது பூங்கொடி, "அண்ணா, இன்னும் கத்தோணுங்களா?" என்று கேட்டாள். போதும் என்று கை காட்டினேன்.

முருகேசன் தலையெல்லாம் இலையோடு வந்து சேர்ந்தான். என்ன ஆச்சு என்று கேட்டான். கிண்டல் இல்லாமல் நடந்ததைச் சொன்னேன். பெஞ்சில் ராசம்மா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது இன்னும் வயிற்றின் மேல் வைத்த மாதிரியே குவிந்திருந்தது.

பிறகு டாக்டர் வெளியே வந்து சொன்னார். பிள்ளை வெளியே வருவதற்கு முன்பே நஞ்சுக்கொடி கழன்று, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கட்டியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் வலியில் துடித்து ஊரையே கிளப்பியிருப்பார்கள், இந்தப் பெண் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்திருந்தால் இரண்டு உயிருமே போயிருக்கும் என்றார். ரத்தம் ஏற்றினார்கள். பெண் குழந்தை. சின்னதாக இருந்தது. ஆனால் இருந்தது.

இரண்டாவது லேபின் முடிவு அதற்குப் பிறகு நிதானமாக வந்தது. அந்தக் கொட்டாவி ஜீனில் மாற்றம் இருப்பது உறுதி. மேடம் அதை விளக்க உட்கார்ந்தபோது பூங்கொடி மாமியாரையும் கணவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். கொழுப்பு, ஆனந்தம், கூட்டுகிற ஆள் எல்லாம் கேட்டுவிட்டு ராசம்மா ஒன்றுதான் கேட்டார். "கூட்டற ஆளு இல்லாட்டியும் ஊட்ட நாங்க பாத்துக்குவோம். புள்ளைக்கும் இப்பிடியா டாக்டரம்மா?"

அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் அதற்கு முன்பே, பிறந்த சில நாளிலேயே, ஆஸ்பத்திரியிலேயே கிடைத்திருந்தது. அதைச் சொல்லிவிட்டு நான் கிளம்புகிறேன், ஏரியில் டூரிஸ்டுகள் காத்திருக்கிறார்கள்.

பிறந்த குழந்தைகளுக்குக் குதிகாலில் சின்னதாகக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். எல்லாக் குழந்தைக்கும் எடுப்பதுதான். நாங்கள் பார்க்கப் போன நேரத்தில் நர்ஸ் அதற்காக வந்தார். பூங்கொடி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். ராசம்மா குழந்தையைப் பிடித்துக்கொண்டார். மேடம் பக்கத்திலேயே நின்றார். நான் முகத்தைக் கோணாமல் இருக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நர்ஸ் குத்தினார்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அந்தச் சின்ன உடம்பு அத்தனையும் சேர்ந்து வீறிட்டது. கால் உதறி, முகம் சிவந்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி.

"டிரைவரண்ணா" என்றாள் பூங்கொடி. "இது நெசமா அழுவுதா, என்னய மாதிரியா?"

"பொறந்து கண்ணே சரியா தொறக்கல. அதுக்குள்ள யாரைப் பாத்துக் கத்துக்கும் அம்மிணி? நெசந்தான்."

அவள் குழந்தையை வாங்கி அந்தக் குதிகாலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. பூங்கொடியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. சத்தம் இல்லை. நெற்றியைப் பிடிக்கவில்லை, கம்பியைப் பிடிக்கவில்லை. அவள் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ராசம்மா குனிந்து மருமகளை உற்றுப் பார்த்தார்.

"ஏன்டி, இப்ப யாரைப் பாத்து அழுவுற?"

"தெரியலைங்க அத்தை" என்றாள்.